இடது கைச் சோறு

முருகன் துணை
ஆம்பூர்
பிரபவ வருஷம் ஆனி 16 (1927)

சௌபாக்கியவதி கமலவேணிக்கு அமிர்தவள்ளி எழுதிக்கொண்டது.

நலம் என்று எழுதி ஆரம்பிக்கத்தான் ஆசை. ஆனால் இந்த மாசம் மூன்றாம் தேதி எங்கள் வீட்டுக்காரருக்கு வலது கை முறிந்துவிட்டது. முழங்கைக்குக் கீழே எலும்பு. நீ பதறாதே. ஆஸ்பத்திரியில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருக்கிறார்கள், உயிருக்குப் பயமில்லை.

அப்துல் ஹமீத் சாயபு தோல் ஷாப்பில் இவருக்கு என்ன வேலை என்று உனக்குத் தெரியும். தோல் பதனிட ஏலகிரியிலிருந்து இறங்குகிற ஆவாரம் பட்டையையும் கடுக்காயையும் அடிவாரத்தில் நின்று நிறுத்து வாங்கவேண்டும். அன்றைக்குச் சின்னாண்டி என்று ஒரு மலைக்காரன், நிறை கம்மியாகக் காட்டுகிறது என்று சண்டை பிடித்து, சுமை தூக்கி வந்த கம்பால் ஓங்கி அடித்துவிட்டான். சாயபுவின் மானேஜர் அன்றே போலீசில் எழுதிக்கொடுத்தார். கேஸ் உன் வீட்டுக்காரர் மாஜிஸ்ட்ரேட்டாக உட்காருகிற கோர்ட்டுக்குத்தான் வருகிறதாம்.

இதற்குமேல் கேள். ஒன்பதாம் தேதி காலையில் அந்தச் சின்னாண்டியே எங்கள் வாசலில் வந்து நிற்கிறான், கூட அவர்கள் ஊரில் நாட்டாமை பண்ணுகிற கவுண்டர். அவன் வலது கையை மடக்கி மார்போடு சேர்த்து நார்க் கயிற்றால் கட்டி, மூன்று முடிச்சுப் போட்டிருந்தது. கவுண்டர் சொன்னார்: "எங்க மலையில கைய ஒடிச்சவனுக்கு இதாம்மா தண்டன. அவன் கையும் கட்டிக் கெடக்கும். அடிபட்டவரு வூட்டுல இருந்து அவருக்கு வேல செய்யணும். அய்யா அந்தக் கையால ஒரு கொடம் தண்ணி தூக்கற வரிக்கும். இல்ல, அய்யாவே போதும்னு சொல்லணும்."

எனக்கு இந்த வேஷம் ஒன்றும் வேண்டாம் என்றேன். இவர்தான், "இருந்துட்டுப் போவட்டும்" என்றார். கொல்லைக் கொட்டகையில் படுத்திருக்கிறான். இடது கையால் சோறு தின்கிறான். எனக்குப் பார்த்தாலே குமட்டுகிறது.

நீ ஒரு உபகாரம் செய். உன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை போட்டு வை. ஆறு மாசம் வரைக்கும் ஜெயில் போடலாமாமே, அதில் ஒரு நாளும் குறையவேண்டாம்.

உன்,
அமிர்தவள்ளி


திருப்பத்தூர்
ஆனி 22

அன்புள்ள அமிர்தம்,

சேதி படித்து அன்று முழுவதும் மனசு சரியில்லை. எலும்பு சேர ஆடி முழுவதும் ஆகும், அவரை அவசரப்பட விடாதே. பிரண்டைத் துவையல் அரைத்துப் போடு.

மற்றதைப் பற்றி. இவர் சாயங்காலம் வந்து கோட்டை ஆணியில் மாட்டினால் கோர்ட்டும் அதோடு ஆணியில் தொங்கிவிடும். பன்னிரண்டு வருஷமாக இந்த வீட்டில் நான் ஒரு கேஸைப் பற்றிக் கேட்டதில்லை, அவர் சொன்னதில்லை. ஆறு மாசமோ ஆறு நாளோ, அது உன் வாயாலும் என் வாயாலும் ஆகவேண்டாம். குடியாத்தத்தில் உன் பிறந்த வீட்டுத் தறியில் பாவு நூலை எண்ணின வழக்கத்தில், ஜெயிலுக்கும் நாள் எண்ணிக் கொடுக்கிறாயாடி?

அந்தக் கயிறு பற்றி மட்டும் இன்னும் எழுது. கட்டியே கிடந்தால் கை மரத்துப் போகாதா?

கமலவேணி


ஆம்பூர்
ஆடி 2

அன்புள்ள கமலவேணி,

கோபித்துக்கொள்ளாமல் படி. இந்தத் தடவை வேறு விஷயம்.

அவன் வந்த பத்தாம் நாள் கிணற்றடியில் ஒரு கூத்து. இவருக்கு வலது கை பத்தையில், அவனுக்கு வலது கை கயிற்றில். குளிக்கத் தண்ணீர் சேந்தவேண்டும். ஒற்றைக் கையால் இழுத்தால் வாளி பாதியில் நிற்கிறது, கயிற்றை மாற்றிப் பிடிக்க இன்னொரு கை வேண்டாமா? அவன் பல்லால் கடித்துப் பார்த்தான். கடைசியில் இவர், "டேய், நீ இழு, நான் புடிச்சிக்கறேன். அப்புறம் நான் இழுக்கறேன், நீ புடி" என்றார். அப்படியே மாற்றி மாற்றி வாளி மேலே வந்துவிட்டது. பக்கத்து வீட்டு வஹீதா சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, "இன்னாக்கா இது, ரெண்டு ஆம்பளைக்கும் சேத்து ரெண்டே கையா? அதுவும் ரெண்டும் எடதா? அந்த வாளிதான் பாவம், ரொம்ப பேஜாராப் பூடுச்சி!" என்றாள். அவன் சிரித்தான். இவரும் சிரித்தார். கை முறிந்த பிறகு இவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். இப்போது தலைப்பாகை கட்டுவதும் அப்படியே, இவர் ஒரு முனை, அவன் ஒரு முனை.

போன வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது இவர் தானாகவே சொன்னார். "அமிர்தம், நான் அவன் மூட்டைய தராசுலேர்ந்து காலால தள்ளினேன். அதுக்குள்ள சாமிக்குன்னு முடிஞ்சி வெச்ச முதல் கடுக்காய் இருந்துச்சாம். எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் தள்ளியிருப்பேன், அவ்ளோ கோவம்." போலீஸ் காகிதத்தில் இது இல்லை.

இன்னொன்று. ஜெயில் வாசலைத் தாண்டிப் போய் அந்தச் சோற்றைத் தின்றவன் அவர்கள் மலையில் மறுபடி ஊர்ப் பந்தியில் உட்கார முடியாதாம். நல்லதோ கெட்டதோ, சாகிற வரைக்கும் தனி இடம், தனி இலை. "ஆறு மாசம்னா இன்னா, ஒரு நாளுன்னா இன்னாம்மா? ஒரு வேள தின்னாலும் தின்னதுதான்" என்கிறான். அவன் பெண்சாதிக்கு ஏழாம் மாசம். பிறக்கிற பிள்ளைக்குப் பேர் வைக்கிற பந்தியில் அப்பன்காரன் ஓரமாக நிற்பான்.

மலையில் கொடுத்த தண்டனையை ஒருத்தன் அனுபவித்துக்கொண்டே இருக்கிறான். அதற்குமேல் கோர்ட்டிலும் ஒன்றா? உன் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் தெரிய வழியில்லை. நீ சாப்பாடு போடும்போது பேச்சோடு பேச்சாக ஒரு வார்த்தை சொல்லிவிடு. நம் சிநேகிதத்துக்காகக் கேட்கிறேன்.

அமிர்தவள்ளி


திருப்பத்தூர்
ஆடி 5

அமிர்தவள்ளிக்கு,

உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். அது இவர் கண்ணில் பட்டிருந்தால், எனக்கு வேண்டியவர்கள் சம்பந்தப்பட்டது என்று எழுதி அன்றே கேஸை வேறு மாஜிஸ்ட்ரேட்டுக்கு அனுப்பியிருப்பார். அங்கே இருப்பவர் எப்படியோ, யாருக்குத் தெரியும்? உதவி என்று நினைத்து நீ செய்தது அவன் தலையிலேயே விழுந்திருக்கும்.

போன மாசம் ஆறு மாசம் போடச் சொன்னாய். இந்த மாசம் ஒரு வேளையும் கூடாது என்கிறாய். இரண்டு தடவையும் என் காதில்தான் ஓதினாய். சின்னாண்டியின் பெண்சாதிக்கு மாஜிஸ்ட்ரேட் வீட்டில் சிநேகிதி இருக்கிறாளா?

உனக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் கோர்ட்டில் வந்து, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொல். தீர்ப்பு ஆகும்வரை எனக்கு எழுதாதே. எழுதினாலும் பிரிக்கமாட்டேன்.

கமலவேணி


ஆம்பூர்
ஆடி 15

கமலவேணி,

இதைத் தபாலில் போடப்போவதில்லை. பிரிக்கமாட்டேன் என்றவளுக்கு அனுப்ப எனக்கு மட்டும் ரோசமில்லையா? ஆனால் வேறு யாரிடம் சொல்லுவேன்?

ஏழாம் தேதி ஆடிக் கிருத்திகை. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்து, கோயிலுக்குப் போய்ப் பொங்கலும் விபூதியும் வாங்கி வந்தேன். வீட்டில் இவர் இல்லை, கட்டுப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். சின்னாண்டிக்கும் கொடுக்கலாம் என்று கொல்லைக்குப் போனேன். அவன் எழுந்து, இடது கையை நீட்டினான்.

சுவாமி பிரசாதத்தை இடது கையில் எப்படிக் கொடுப்பேன்? இலையில் வைத்தாலும் அந்தக் கையால்தானே தின்பான்? எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. "இரு" என்று சொல்லிக் கயிற்றில் கை வைத்தேன். அவன் பின்னால் நகர்ந்து, "அய்யா சொன்னாராம்மா?" என்றான். இவர் போதும் என்று சொன்னால் தண்டனை தீர்ந்தது, அதுதானே அவர்கள் சட்டம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஆமா, சொல்லிட்டார்" என்றேன். நெற்றியில் விபூதியோடு, விரத வாயால், தண்டபாணி பிரசாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன். ஒரு நிமிஷம் அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன்.

அவன் கண்ணில் ஜலம் வந்துவிட்டது. வலது கையை நீட்டி, கட்டை விரலால் ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தான். பொங்கலை வாங்கித் தின்றான். பிறகு நான் கூப்பிடக் கூப்பிட நிற்காமல், பெண்சாதிக்குச் சொல்லி அனுப்ப யாராவது மலைக்காரர் வந்திருக்கிறார்களா என்று சந்தைப் பக்கம் ஓடிவிட்டான். வழியில் சாயபுவின் மானேஜர் அவனைப் பார்த்துவிட்டார். இவரையும் எதிரில் பார்த்து, "நல்லாருக்கணும் சாமி" என்று காலில் விழுந்திருக்கிறான். இவர், "எதுக்குடா? யாருடா அவுத்தது?" என்றாராம்.

பொய் என்று தெரிந்து அவன் வீட்டுக்குத் திரும்பி வந்தான். கயிற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு மலைக்கு நடந்துவிட்டான். முப்பது நாள் முழுசாகக் கட்டிக் கிடந்தவன். முப்பத்தோராம் நாள் நான் கெடுத்தேன்.

மலையிலிருந்து ஆள் வந்தது, அவிழ்த்தவள் வரவேண்டும் என்று. பத்தாம் தேதி இவரும் நானும் ரயிலேறி ஜோலார்பேட்டையில் இறங்கி, மறுநாள் விடியலில் மலை ஏறினோம். ஊரே கூடியிருந்தது.

கவுண்டர் கேட்டார்: "இன்னாம்மா, நீ சாமி கும்புடறவதானே?"

"ஆமாங்க."

"சாமிக்காவ பொய் சொன்னியா?"

"எடது கையில பிரசாதம் வாங்கறத என்னால பாக்க முடியலைங்க."

கூட்டத்திலிருந்து ஒருத்தி எழுந்தாள், வயிற்றுப் பிள்ளைக்காரி. அவன் பெண்சாதி. "பாக்க முடியலன்னா கண்ண மூடிக்கிறது. முடிச்ச இன்னாத்துக்குத் தொட்டே?" என்றாள்.

ரொம்ப நேரம் பேசினார்கள். கடைசியில் கவுண்டர் சொன்னது: "பொய்யால அவுந்த கட்டு. எண்ணின நாளெல்லாம் போச்சி. மறுக்கா முப்பது நாளு. இனிமே அய்யா போதும்னாலும் செல்லாது. அவுத்த கையே கட்டட்டும். அப்புறம், நீ மூணு நாளு எடது கையால சாப்புடு. சாப்பாட்டுக்கு மட்டுந்தான். மத்ததுக்கு வலது கைய வெச்சிக்கோ, வூட்டு வேல கெட்டுடும்."

நான் கட்டினேன். அவனே சொல்லிக்கொடுத்தான்: "இறுக்கிப் போடும்மா. நெகிழ்ந்துச்சின்னா அதுக்கு வேற கூட்டம் கூட்டுவாங்க."

அவனும் எங்களோடு ஆம்பூருக்குத் திரும்பி வந்தான். மூன்று நாள் இடது கையால் சாப்பிட்டேன். முதல் கவளம் மூக்கில் இடித்தது. ரசம் முழங்கை வரை வழிந்தது. நான் சாப்பிடும் நேரம் பார்த்து அவன் கொட்டகைக்குள் போய் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தான், என்னைப் பார்க்கக்கூடாது என்று. நான் அவனை ஒரு மாசம் முறைத்துப் பார்த்திருக்கிறேன்.

இப்போது போலீஸ் தரப்பில், மலைத் தண்டனை எல்லாம் நாடகம், அவனே அவிழ்த்துக்கொண்டு ஊர் சுற்றினான் என்று கோர்ட்டில் சொல்லப்போகிறார்களாம். மானேஜர்தான் சாட்சி. பொய் சொன்னவள் நான் என்று நானே போய்ச் சொன்னால்தான் உண்டு. இவர், "நானும் காலால தள்ளினதச் சொல்லத்தான் போறேன். ரெண்டு பேரும் சேந்தே அவமானப்படலாம், வா" என்கிறார்.

அமிர்தவள்ளி


ஆம்பூர்
ஆவணி 3

கமலவேணி,

தீர்ப்பு ஆகிவிட்டது, இனி எழுதலாம். பழைய கடிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். அதை முதலில் படி.

நேற்றுப் பத்து மணிக்குக் கூப்பிட்டார்கள். உன் வீட்டுக்காரரை உன் கல்யாணத்தில் பார்த்தது, இப்போது மீசை நரைத்திருக்கிறது. அவருக்கு என்னைத் தெரியவில்லை. நானும் தெரிந்தவள் மாதிரி நிமிர்ந்து பார்க்கவில்லை.

இவர் முதலில் ஏறி, மூட்டையைக் காலால் தள்ளியதைச் சொல்லி, ராஜியாகப் போகிறோம் என்று கேட்டார். எலும்பு முறிந்த கேஸில் கோர்ட் சம்மதித்தால்தான் ராஜியாம். "அடிவாரத்தில் நிறுக்கிறவர்களை அடிப்பது இந்த வருஷத்தில் இது மூன்றாவது, சம்மதிக்க முடியாது" என்றுவிட்டார் உன் வீட்டுக்காரர். சின்னாண்டி குற்றத்தை ஒப்புக்கொண்டான். போலீஸ் தரப்பில், மலைத் தண்டனை என்று இரக்கம் காட்டவேண்டாம், அது நாடகம் என்றார்கள்.

பிறகு நான் ஏறினேன். புருஷன் பேர் கேட்டார்கள். காகிதம் வாங்கி எழுதிக் கொடுத்தேன். "ரத்தினசாமி" என்று உன் வீட்டுக்காரர் உரக்கப் படித்தார். பிரசாதம், கயிறு, நான் சொன்ன பொய், எல்லாம் சொன்னேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். நடுவில் அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "அய்யா சொன்னாரா என்று இவன் கேட்டான் என்கிறீர்கள். கேட்காமலே கட்டை அவிழ்க்க விடவில்லையா?" "இல்லைங்க. பின்னால நகர்ந்தான். நான் பொய் சொன்ன பிறகுதான் அவுக்க விட்டான்" என்றேன். குமாஸ்தா கைநாட்டுக்கு மை டப்பாவை நீட்டினார். பேனாவைக் கேட்டு வாங்கி, முழுப் பெயரும் போட்டேன்.

தீர்ப்பை இங்கிலீஷில் படித்துவிட்டு, சின்னாண்டியைப் பார்த்துத் தமிழில் சொன்னார். "உங்கள் மலை கொடுத்த தண்டனை இந்தக் கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது. இதற்குச் சட்டத்தில் காவல் தண்டனை கொடுத்தே ஆகவேண்டும், கொடுக்காமல் விட எனக்கு அதிகாரமில்லை. ஆனால் எத்தனை நாள் என்று முடிவு செய்யும்போது, ஐம்பது நாளுக்குமேல் கை கட்டிக் கிடந்தவனையும் ஒன்றும் அனுபவிக்காதவனையும் ஒன்றாக வைக்கமாட்டேன். இன்று கோர்ட் கலையும் வரை காவல்."

எனக்கு முதலில் புரியவில்லை. டவாலி சேவகர்தான், "அவ்ளோதாம்மா. அஞ்சி மணிக்கு அய்யா எழுந்துட்டா இவன் வூட்டுக்குப் போலாம்" என்றார். கேஸ் நடந்த அந்தக் கூடத்திலேயே, சுவரோரம் தரையில் உட்கார வைத்தார்கள். மத்தியானம் சேவகர் சோறு வேண்டுமா என்று கேட்டார். அவன் தலையை ஆட்டிவிட்டான், தண்ணீர்கூட வேண்டாம் என்று. நாங்களும் சாப்பிடவில்லை. அந்தக் கடிகாரத்தை நான் பார்த்த மாதிரி எந்த சுவாமியையும் பார்த்ததில்லை, முருகன் மன்னிக்கட்டும்.

ஐந்து அடித்து, கோர்ட் கலைந்து, வெளி வாசலுக்கு வந்தோம். அதே சேவகர் பின்னால் ஓடிவந்து ஒரு தூக்குச் சட்டியைக் கொடுத்தார். "அய்யா வூட்டம்மா குடுத்தாங்க. கோர்ட் எழுந்தப்புறம் குடு, ஒரு நிமிஷம் முன்னால குடுத்தா உன் வேல போயிடும்னாங்க." சின்னாண்டி சட்டியை எட்டிப் பார்த்து, "இது சர்க்கார் வூட்டுச் சோறாச்சே. எனக்கு வாணாம்மா, மலையில கேப்பாங்க" என்று நகர்ந்துவிட்டான். உன் தயிர்ச்சோறு முழுவதையும் நானும் இவரும் ஸ்டேஷனில் உட்கார்ந்து தின்றோம். மாங்காய் ஊறுகாயில் உப்பு ஜாஸ்தி.

இன்னும் ஒரு கண்டம் பாக்கி. காவல் என்று தீர்ப்பில் வாய் திறந்து சொல்லிவிட்டார்களே, அது ஜெயில்தானா இல்லையா என்று மலையில் கூடிப் பேசப் போகிறார்கள். பத்தாம் தேதி கட்டு அவிழ்க்கிற அன்றைக்குத்தான் தெரியும்.

உன்,
அமிர்தம்


திருப்பத்தூர்
ஆவணி 6

அடி அமிர்தம்,

இரண்டு கடிதத்தையும் ஒரே மூச்சில் படித்தேன். மூக்கில் கவளம் இடித்ததைப் படித்துச் சிரித்துவிட்டு, அப்புறம் அழுதேன்.

நீ வந்தது எனக்குத் தெரியாது. மத்தியானம் இவருக்குச் சாப்பாடு எடுத்துப்போக வந்த சேவகர், "ஆம்பூர்லேர்ந்து ஒரு அம்மா வந்து, தான் பொய் சொன்னதைக் கூண்டுல ஏறி சொல்லுதும்மா" என்றார். உடனே மாங்காயை நறுக்கி ஊறுகாய் போட்டு, தயிர்ச்சோறு பிசைந்தேன். இரண்டு வீடு தள்ளிக் கோர்ட்டில் நீ பட்டினியாக உட்கார்ந்திருக்கிறாய், நான் ஐந்து மணிக்குக் காத்திருக்கிறேன். உப்பு ஜாஸ்தியானதற்குக் காரணம் அதுதான்.

ராத்திரி இவர் சாப்பிடும்போது நானே ஆரம்பித்தேன், பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை. "இன்றைக்குக் கூண்டில் ஏறினாளே, அவள் என் சிநேகிதி" என்றேன். கையை இலையில் வைத்தபடி என்னைப் பார்த்தார். "முன்னாலேயே ஏன் சொல்லல?" என்றார். "சொல்லியிருந்தா நீங்க கேஸ் எடுத்திருப்பீங்களா?" என்றேன். பிறகு, "அந்தம்மா கையெழுத்து நல்லாருந்துச்சி" என்று சொல்லி மோர் கேட்டார்.

அந்தக் கடிதத்தில் உன்னைக் கடுமையாக எழுதிவிட்டேன். எழுதினது தப்பில்லை, எழுதின விதம் தப்பு. மலையில் என்ன ஆயிற்று என்று உடனே எழுது. எனக்கும் தூக்கம் வரவில்லை.

உன்,
கமலா


ஆம்பூர்
ஆவணி 12

அன்புள்ள கமலா,

முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், ஜெயில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இனி நிதானமாகப் படி.

பத்தாம் தேதி நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்திக்கு இலை எல்லாம் போட்டு வைத்துவிட்டு, உட்காராமல் பேசிக்கொண்டிருந்தார்கள். அவனைத் தனியாக நிறுத்தியிருந்தார்கள். கவுண்டர் என்னைத்தான் கேட்டார். பொய் சொன்னவளை எப்படி நம்புவது என்று ஒருத்தன் எழுந்தான். "ஒருக்கா சொல்லிட்டு மூணு நாளு எடது கையால தின்னுருக்குது. இனிமே சொல்லாது" என்று அவனை உட்கார வைத்துவிட்டு, கவுண்டர் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"கதவு இருந்துச்சா?"

"இருந்தது. திறந்தே இருந்தது."

"பூட்டு?"

"இல்லைங்க."

"சோறு?"

"கேட்டாங்க. வாணாம்னுட்டான். தண்ணிகூட குடிக்கல."

"அப்ப இன்னாதான் பண்ணான் அங்க?"

"உக்காந்திருந்தான். மாஜிஸ்ட்ரேட் எழுந்ததும் இவனும் எழுந்துட்டான்."

கவுண்டர் தாடியைத் தடவிக்கொண்டார். "அப்ப மாஜிஸ்ட்ரேட்டும்தான் அங்க உக்காந்திருந்தாரு. அவரு ஜெயிலுக்குப் போனவரா?" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அத்தோடு முடிந்தது. (உன் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லலாமா என்று நீயே பார்த்துக்கொள். கேஸ்தான் முடிந்துவிட்டதே.)

இவர் முறிந்த கையால் ஒரு குடம் தண்ணீர் தூக்கிக் காட்டினார். கவுண்டர் முடிச்சை அவிழ்த்தார். நான் கிட்டேகூடப் போகவில்லை. அவன் பெண்சாதி என் பக்கத்தில் வந்து நின்று, "இப்பப் பாரு, கண்ண மூடிக்காத" என்றாள்.

பந்தியில் நடுவில் உட்கார வைத்தார்கள், இவரை அவனுக்குப் பக்கத்தில். சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும். இரண்டு பேரும் வலது கையால் பிசைந்தார்கள். இரண்டு மாசம் சும்மா கிடந்த கைகள், விரல் சரியாக மடங்கவில்லை. பாதிச் சோறு இலைக்கு வெளியே, பாதி மடியில். எதிர்ப் பந்தியில் இருந்த பிள்ளைகள் அவர்களைக் காட்டிக் காட்டிச் சிரித்தன. சின்னாண்டி சோற்றுக் கையை நீட்டி இன்னும் கொஞ்சம் போடச் சொன்னான். போட்டார்கள்.

உன்,
அமிர்தம்